பிள்ளைச் சந்துகள்

கீழப்பருத்தியூர் வகையறாத் தெருவில் ஒரு பிள்ளை பிறந்தால், பிறந்த வீட்டுக்குக் கிழக்கே இருக்கிற வீடுகள் அத்தனையும், அதனதன் கிணறு, வேப்பமரம், மரத்தில் கட்டிய ஆடு, ஆட்டின் வாயில் பாதி மென்ற தழை உட்பட, சேர்ந்தாற்போல் இரண்டு அடி கிழக்கே தள்ளிப் போய் நிற்கும். அந்தத் தெருக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் கிடையாது. வெளியூர்க்காரர் யாராவது வாயைப் பிளந்தால், "பின்ன, வந்த பிள்ளைக்கு இடம் வேண்டாமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்டவர் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

இதற்கெல்லாம் காரணம் சங்கரவடிவுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. வடிவு அந்த வகையறாவைச் சேர்ந்தவள் கிடையாது. ஆறு வருஷம் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அந்த ஊர்த் தண்ணீரும் மேனேஜரும் ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்து, ஒன்பதாம் வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ஜவுளிக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெப்சைட் செய்துகொடுத்துப் பிழைக்கிறவள். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று தெரு முதல் மாசம் கேட்டது, இரண்டாம் மாசம் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது, மூன்றாம் மாசத்திலிருந்து அவளைக் கம்ப்யூட்டரக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

தெருவின் வடக்கு வரிசை முழுக்க ஒரே வம்சம். பெரியகருப்பன் என்று ஒருவர் எந்தக் காலத்திலோ அங்கே வந்து கிணறு வெட்டினார். அவர் பெற்ற நாலு பையன்கள், பையன்கள் பெற்ற பையன்கள் என்று பெருகி இன்றைக்கு நூற்று நாற்பத்து மூன்று பேர். மேற்குக் கோடியில் குலசாமி மடைக்கருப்பன் கோயில், கிழக்குக் கோடியில் எல்லைக்கல், நடுவில் வீடுகள். அந்த வீடுகளுக்கு ஒரு சட்டம் உண்டு: மூத்தவன் வீடு, அவன் பிள்ளைகள் வீடு, அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் வீடு, அந்தக் கிளை மொத்தமும் முடிந்த பிறகுதான் அடுத்தவன் வீடு. பங்குனிப் பொங்கலில் சாமிக்குப் படைத்துவிட்டு விபூதி கொடுப்பதும் இதே வரிசைதான். வரிசை இதுதான் என்பதில் எல்லாரும் ஒற்றுமை, அதில் தான் எத்தனாவது என்பதில் மட்டும் வருஷாவருஷம் சண்டை. ஒரு பங்குனியில் இரண்டு மண்டையும் ஒரு பொங்கல் பானையும் உடைந்த பிறகு, வகையறாச் சங்கத்துத் தலைவர் அய்யாச்சாமி மாடிப்படி ஏறி வடிவிடம் வந்தார்.

அய்யாச்சாமி ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். முப்பது வருஷம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வரிசை பார்த்த மனுஷர். வீட்டில் செருப்பு கோணலாகக் கிடந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது.

"தாயி, எல்லாரையும் கம்ப்யூட்டர்ல ஏத்திரு. யாரு பேரத் தொட்டாலும் அவருக்குக் கீழ இருக்கிற அம்புட்டுப் பேரும் வரிசையா வந்து நிக்கணும். போன்ல தெரியணும். எவனும் எங்கிட்ட சண்டைக்கு வரப்பிடாது" என்றார்.

வடிவு முதலில் சுலபமாகத்தான் செய்தாள். டேட்டாபேஸில் ஓர் ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் அவர் பெயர், பக்கத்தில் அவர் அப்பாவின் எண். அவ்வளவுதான். ஆனால் பொங்கலன்று கோயில் வாசலில் போனைத் தொட்டபோது, அது பெரியகருப்பனிடம் போய் உன் பிள்ளைகள் யார் என்று கேட்டு, அந்த நாலு பேரிடமும் போய் உங்கள் பிள்ளைகள் யார் என்று கேட்டு, அவர்களிடம் போய்த் திரும்பவும் கேட்டு, ஒரு கோடு சிக்னலில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, பொங்கல் ஆறி, விறைத்து, கடைசியில் நாய்க்கு வைக்கும்படி ஆயிற்று.

அதனால் இரண்டாம் தடவை வேறு வழியில் எழுதினாள். ஆளுக்கு இரண்டு எண். ஒன்று நுழைகிற எண், இன்னொன்று வெளியேறுகிற எண். ஒருவர் பெற்ற பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் எல்லாருடைய எண்களும் அந்த இரண்டுக்கும் நடுவில் அடங்கிவிடும், ஒரு வீட்டு முன்வாசலுக்கும் கொல்லைவாசலுக்கும் நடுவில் குடும்பம் அடங்குகிற மாதிரி. யாரைத் தொட்டாலும் ஒரே கேள்விதான், வம்சமே வந்து நிற்கும். இதில் ஒரே ஒரு தொல்லை. புதிதாக ஒரு பிள்ளை வந்தால் அதற்கு இரண்டு எண் வேண்டும். அந்த இரண்டுக்கு இடம் விட, பின்னால் இருக்கிற எல்லார் எண்ணும் இரண்டிரண்டு கூட வேண்டும். எல்லாருக்கும் மேலே மடைக்கருப்பன். அவருக்கு நுழைகிற எண் ஒன்று, வெளியேறுகிற எண் கடைசி எண். "சாமிக்கு எண் ஒன்று. எக்காலத்திலும் மாறக் கூடாது" என்று அய்யாச்சாமி ஒரு பேப்பரில் எழுதி, இரண்டு கோடு போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்தாம் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் வடிவு பெயரைப் போட்டு, சேமி என்ற பொத்தானை அமுக்கினாள். மேஜையில் இருந்த காபித் தம்ளர் மெல்ல நகர்ந்து விளிம்பில் போய் நின்றது. எட்டிப் பார்த்தாள். எதிரே நேராகத் தெரிகிற ரேஷன் கடை கொஞ்சம் மேற்கே போயிருந்தது. அதாவது, இவள் கிழக்கே வந்திருந்தாள். ஐந்தாம் வீட்டுக்கும் ஆறாம் வீட்டுக்கும் நடுவில், நேற்றுவரை ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில், ஒரு கீற்று வானமும் இரண்டடி அகலத்துக்குப் புத்தம் புதிய மண்ணும் இருந்தது.

தெரு ஒரு நாள் பேசியது, மறுநாள் பழகிக்கொண்டது. பிரசவ நாள் நெருங்கினால் பெண்கள் அலமாரியிலிருந்து சில்வர் குடங்களை இறக்கித் தரையில் வைத்தார்கள். லைன்மேன் வந்து எல்லா வயரிலும் கொஞ்சம் நீளம் விட்டுச் சுருட்டிக் கட்டிவிட்டுப் போனார். தெற்கு வரிசை வேறு ஆட்கள், அது நகராது. அதனால் யார் வாசலுக்கு எதிரே யார் என்பது மாறிக்கொண்டே இருந்தது. இருபது வருஷமாக எதிரெதிர் வாசலில் நின்று ஏசிக்கொண்டிருந்த பதினோராம் வீட்டுக்காரியும் தையல்கடைக்காரியும், நாலாவது பிரசவத்தோடு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போய், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, பிறகு நடுத்தெருவில் சந்தித்து ராசியாகிவிட்டார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு சர்வேயர் வந்தார். சங்கிலியைப் பிடித்து மூன்று தடவை அளந்தார், மூன்று தடவையும் வேறு வேறாக வந்தது, மத்தியானம் கோழிக்குழம்பு சாப்பிட்டார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த இரண்டடிக்குப் பிள்ளைச் சந்து என்று பெயர் வந்தது. அது அந்தந்தப் பிள்ளைக்குச் சொந்தம். அதில் ஒருத்தி முருங்கை வைத்தாள், ஒருத்தி தொட்டில் கட்டினாள், இரட்டைப் பிள்ளை பெற்ற வீட்டுக்காரன் நாலடிச் சந்து கிடைத்த சந்தோஷத்தில் பைக்கை அங்கே நிறுத்திக்கொண்டு, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இடம் வருகிறது என்றதும் தெருவுக்கு ஆசையும் வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு பிள்ளைக்கு வயது ஒன்றாகி, கருப்பன் கோயிலில் மொட்டை போட்ட பிறகுதான் கோயில் நோட்டில் பெயர் ஏறும். முடியிறக்காத பிள்ளை சாமி கணக்கில் வராது என்பது வழக்கம். இப்போது யாருக்கும் அந்த ஒரு வருஷம் பொறுக்கவில்லை. தொப்புள்கொடி அறுக்கிறதுக்குள் வடிவுக்குப் போன் வந்தது. "எக்கா, பொம்பளப்பிள்ள, அமுக்குங்க, அமுக்குங்க!" வழக்கத்தை இவர்களே மாற்றிவிட்டு, மாற்றியதையும் மறந்துபோனார்கள்.

மூன்று வருஷத்தில் பதினைந்து பிள்ளைகள், முப்பதடி. செத்தவர்களை யாரும் லிஸ்ட்டிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அவர்களுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் அந்தரத்தில் நிற்கும் என்று வடிவு சொல்லியிருந்தாள். அதனால் தெரு நீண்டுகொண்டேதான் போயிற்று. கிழக்கே ஊருணி இருந்தது. எல்லைக்கல் முதலில் கரையேறி நின்றது, பிறகு கணுக்கால் தண்ணீரில் நின்றது, பதினைந்தாவது பிள்ளை பிறந்தபோது முழுவதும் முங்கி, மேலே ஒரு தவளை உட்காருகிற அளவுக்குத்தான் தெரிந்தது. அதற்கு அடுத்தது அய்யாச்சாமியின் மகன் வீடு.

அந்தப் பதினைந்தாவது பிள்ளைதான் கற்பகவல்லியின் பிள்ளை.

கற்பகம் ஒன்பதாம் வீட்டு மருமகள், வடிவுக்குக் கீழ்வீடு. புருஷன் வைரமணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை பிறந்தது. தெருவில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் வாயில் நுழையாத பெயராகத் தேடித் தேடி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், கற்பகம் செல்லக்கிளி என்று பெயர் வைத்தாள். வடிவுதான் எழுதினாள், வடிவுதான் அமுக்கினாள். ஒன்பதாம் வீட்டுக்குக் கிழக்கே, அவள் ஜன்னலுக்கு நேர் கீழே, சந்து திறந்தது. செல்லக்கிளி பத்தொன்பது நாள் இருந்தாள். இருபதாம் நாள் இல்லை. இருதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னார். வைரமணி ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுபோனான், வெறுங்கையோடு வந்தான். தெருக்காரர்கள் இரண்டு நாள் வந்து உட்கார்ந்தார்கள், மூன்றாம் நாள் அவரவர் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் கற்பகம் அந்தச் சந்துக்குள் போய் உட்கார்ந்தாள். முதுகை இந்தச் சுவரில் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டால், பாதம் அந்தச் சுவரைத் தொடும். ஓர் ஆள் உட்கார அது சரியாக இருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் அவளுடைய வகிடு மட்டும் தெரியும். வடிவு கீழே இறங்கிப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் தினமும் ஒரு தம்ளர் மோரைக் கொண்டுபோய்ச் சந்தின் வாயில் வைத்துவிட்டு வந்தாள். ஒரு நாள் கற்பகம் தானாகவே பேசினாள்.

"எக்கா, எங்கள மாதிரி மருமகமாருக்கு அந்த லிஸ்ட்டுல தனி நம்பர் கிடையாதுல்லா?"

"கிடையாது கற்பகம். புருஷன் வரியிலயே ஒரு கட்டத்துல பேரு இருக்கும்."

"அதான் பாத்தேன். எனக்கு இங்க நம்பர் இல்ல, எம்புள்ளைக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு மோரை வாங்கிக் குடித்தாள்.

எட்டாம் வீட்டு மருமகளுக்கு மாசம் நிறைந்துகொண்டிருந்தது. இன்னும் பத்து நாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யாச்சாமி கோயில் மண்டபத்தில் சங்கத்தைக் கூட்டினார். வடிவும் போயிருந்தாள். அவர் எழுந்து நின்று, பிள்ளைகளை வெயிலில் நிறுத்திய அதே குரலில் ஆரம்பித்து, பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எல்லைக்கல் முங்கிட்டு. எட்டாம் வீட்டுல பிள்ளை பொறந்தா அடுத்தது எம் மகன் அடுப்படி. அவன் சொம்புக்குள்ள அயிரை மீன் நீந்தும். அதனால கமிட்டி ஒரு முடிவு எடுத்திருக்கு. முடியிறக்காத பிள்ள கணக்குல கிடையாதுங்கிறது நம்ம வழக்கம். ஒன்பதாம் வீட்டு வரியில ஒண்ணு அவசரத்துல ஏறிட்டு. அத எடுத்துட்டா ரெண்டடி திரும்பி வந்துரும்."

வைரமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடிவு எழுந்தாள்.

"அண்ணாச்சி, வரிய எடுத்தாலும் இடத்த மூடணும்னு அவசியம் இல்ல. நடுவுல ரெண்டு எண் விட்டுப்போனா வரிசை ஒண்ணும் கெட்டுப்போகாது."

"எண்ணையா தாயி கேக்கேன்? இடத்தக் கேக்கேன்."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கற்பகம் எழுந்தாள். சங்கக் கூட்டத்தில் மருமகள் பேசி அந்தத் தெரு பார்த்ததில்லை.

"மாமா, உங்க மகன் அடுப்படிக்குள்ள தண்ணி வரக்கூடாதுதான். நான் இல்லைங்கல. ஆனா எம்புள்ள இருந்தாங்கிறதுக்கு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. போட்டோ எடுத்தா கண்ணு படும்னு உங்க வகையறா ஆளுகதான் எடுக்க விடல. அந்த ரெண்டடிய மூடிட்டா, நான் எங்க போயி உக்காருவேன்?"

அய்யாச்சாமி பேனாவை எடுத்தார். வியாழக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று கமிட்டி நோட்டில் எழுதப்பட்டது. அதை எழுதும்போது அவர் எழுத்து கோணலாகப் போனதை வடிவு பார்த்தாள்.

மேலே வந்து கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வடிவு அழுதாள். கீழே பிள்ளைகள் இருக்கிற வரியை எடுப்பது என்றால் அந்தப் புரோகிராமில் நூறு கேள்வி கேட்கும், நிஜமாகவா, அவர்களை எங்கே சேர்ப்பது, யோசித்துக்கொள் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கும். கீழே யாரும் இல்லாத வரியை எடுப்பதற்கு ஒன்றுமே கேட்காது. அதுதான் அதில் மிகச் சுலபமான வேலை. அப்படி எழுதியவள் தான்தான் என்பதை நினைத்தபோது அவளுக்குத் தன் விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாடிப்படியில் யாரோ நின்று நின்று ஏறி வருகிற சத்தம் கேட்டது. அய்யாச்சாமியின் மனைவி சொர்ணம். மூட்டு வலிக்காரி, தன் வீட்டு மாடிக்கே ஏறாதவள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்து, ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். கற்பகத்தின் வகிடு தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வடிவு, எங்க வரியிலயும் ஒண்ணு போடணும்" என்றாள்.

"யாரு மதினி?"

"மூத்தவன். இப்ப இருக்கவனுக்கு மேல ஒருத்தன் இருந்தான். முப்பத்தாறு வருசம் ஆச்சு. பதினோரு நாள். முடியிறக்காத பிள்ளன்னு நோட்டுல எழுதல. அவுகளும் அதுக்குப் பிறகு அதப்பத்தி ஒரு வார்த்த பேசல, நானும் பேசல."

வடிவு புதிய வரியைத் திறந்தாள். "பிறந்த தேதி ஞாபகம் இருக்கா மதினி?"

"ஆவணி பதினாலு. வியாழக்கிழமை. காலம்பற பத்து இருவது. நல்ல மழை."

"பேரு?"

சொர்ணம் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "பதினாறாம் நாள்ல வைக்கலாம்னு இருந்தோம்" என்றாள்.

பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் எந்த வரியும் ஏறாது என்று வடிவு முதல் நாளிலேயே ஒரு விதி எழுதிவைத்திருந்தாள். அந்த விதியை எடுத்தாள். பிறகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மதினி, இத ஏத்தினா உங்க மகன் வீடு ஊருணிக்குள்ள போயிரும்."

"கிழக்கதான் போகணுமா? மேக்க போகாதோ? கோயிலுக்கு அந்தாண்ட பூரா வெறுங்காடாத்தான கிடக்கு."

வடிவு திரையில் இருந்த எண்களைப் பார்த்தாள். பின்னால் இருக்கிறவர்கள் எண்ணில் இரண்டைக் கூட்டுவதற்குப் பதிலாக, முன்னால் இருக்கிறவர்கள் எண்ணில் இரண்டைக் கழித்தாலும் இடம் விடும். வரிசை அப்படியேதான் இருக்கும். டேட்டாபேஸுக்கு எந்தப் பக்கம் என்ற கவலை கிடையாது. மூன்று வருஷமாக இது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"போகலாம் மதினி. ஆனா சாமியும் சேந்து நகரணும். அவரு நம்பர் ஒண்ணுக்குக் கீழ போயிரும். மைனஸ்ல போயிரும். அண்ணாச்சி எழுதிக் கொடுத்திருக்காக, சாமி நம்பர் மாறப்பிடாதுன்னு."

"அவுககிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லி சொர்ணம் எழுந்தாள். "முப்பத்தாறு வருசமாப் பேசாததையும் சேத்துப் பேசிக்கிடுதேன்."

அவள் படியிறங்கியதைத் தெருவில் யார் பார்த்தார்களோ, எப்படிக் காது மாறிப் போயிற்றோ, புதன்கிழமை காலையில் வடிவின் மாடிப்படியில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மூன்றாம் வீட்டுக்காரி வந்தாள், அவளுக்கு இரண்டு. பதினோராம் வீட்டுக்காரி தையல்கடைக்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பதிமூன்றாம் வீட்டுக்காரர், மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறவர், தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்று, "அவ இருந்தா அவளே வந்துருப்பா" என்றார். ஆறு மாசத்தில் போனது, பிறந்து அழாமலே போனது, மூன்று மாசம் இருந்து சிரித்து முகம் பார்த்துவிட்டுப் போனது. தேதியை யாரும் மறந்திருக்கவில்லை, கிழமையை, நேரத்தை, அன்றைக்கு அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்பதைக்கூட மறந்திருக்கவில்லை. வடிவு எழுதிக்கொண்டே இருந்தாள். சாயங்காலத்துக்குள், சொர்ணத்தின் மூத்தவனையும் சேர்த்து, இருபத்தாறு பேர்.

வியாழக்கிழமை வந்தது. கமிட்டி கெடு வைத்த நாள். வடிவு எதையும் எடுக்கவில்லை. அய்யாச்சாமி அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மத்தியானம் கற்பகம் சந்துக்குள் போய் உட்கார்ந்தாள். எந்த நிமிஷம் அந்த இரண்டு சுவரும் சேருமோ என்று அவளுக்குத் தெரியாது, இருந்தும் உட்கார்ந்தாள். வடிவு இறங்கிப் போய், "நான் எடுக்க மாட்டேன் கற்பகம். என்ன இந்தத் தெருவ விட்டே போகச் சொன்னாலும் எடுக்க மாட்டேன்" என்றாள். கற்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அய்யாச்சாமி குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, நாலைந்து இளவட்டங்களை அரிவாளோடு கூட்டிக்கொண்டு போய்க் கோயிலுக்கு மேற்கே இருந்த கருவேலஞ்செடிகளை வெட்டச் சொன்னார். பத்து மணிக்குத் திரும்பி வந்து வடிவைக் கூப்பிட்டனுப்பினார். வடிவு லேப்டாப்போடு போனாள். தெரு முழுக்க வெளியே நின்றது. குடங்கள் எல்லாம் தரைக்கு இறங்கியிருந்தன. அவர் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது.

"சாமிக்கு மைனஸ் நம்பர் போடலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்" என்றார். "நம்ம பிள்ளைகளுக்கு இடம் விட நாம நகருதோம். அவருக்கும் பிள்ளைகதான அதுக. அவரு நகராம இருப்பாரா?"

பிறகு சன்னிதி முன்னால் போய் நின்றார். முப்பது வருஷம் எத்தனையோ பிள்ளைகளைத் தள்ளி நில் தள்ளி நில் என்று விரட்டிய குரல், இப்போது கெஞ்சியது.

"கருப்பா, எம்புள்ள ஒருத்தன் வெளிய நிக்கான். கொஞ்சம் தள்ளி நில்லு அய்யா."

வடிவு அமுக்கினாள். கோயில் கோபுரம், மணி, மண்குதிரை, குதிரையின் கழுத்தில் வாடிக்கிடந்த மாலை, அதற்கு அடுத்து பதினெட்டு வீடுகள், கிணறு, மரம், ஆடு, வாசலில் நின்றவர்கள், வடிவின் மடியில் இருந்த லேப்டாப், எல்லாம் சேர்ந்தாற்போல் இரண்டு அடி மேற்கே போய் நின்றன. மணி ஒரு தடவை அடித்தது. கிழக்குக் கோடியில் அய்யாச்சாமி வீட்டுக்கும் அவர் மகன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து திறந்தது. ஊருணித் தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு வடிவு ஒவ்வொரு வரியாக வாசித்தாள், ஒவ்வொன்றுக்கும் அய்யாச்சாமி பெற்றவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவர்கள் வந்து சாமி முன்னால் நின்றார்கள், வடிவு அமுக்கினாள், கருப்பன் தள்ளி நின்றார். மூன்றாம் வீட்டுக்குக் கிழக்கே நாலடி. பதிமூன்றாம் வீட்டுக்குக் கிழக்கே இரண்டடி. மத்தியானத்துக்குள் கோயில் ஐம்பத்திரண்டு அடி மேற்கே போய், வெட்டிய கருவேலங்கட்டைகளுக்கு நடுவில் வெயிலில் நின்றது. சாமியின் எண் மைனஸ் ஐம்பத்தொன்று. பூசாரி புது இடத்தில் தண்ணீர் தெளித்துச் சூடம் காட்டினார். தெருவில் எங்கே பார்த்தாலும் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வானம் தெரிந்தது, ஒவ்வொரு சந்திலும் ஒருத்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பதிமூன்றாம் வீட்டுக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், அவருக்கு மடக்கி உட்கார முடியாது.

அய்யாச்சாமி தன் சந்துக்குள் போகவில்லை. அதன் வாயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு மேற்கே நடந்து, ஒன்பதாம் வீட்டுப் பக்கம் வந்தார். அங்கே மாடிப்படியின் கீழ்ப்படியில் வடிவு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்துக்குள் கற்பகம் இருந்தாள். அவர் வருவதைப் பார்த்ததும் அவள் எழப் போனாள்.

"இரி, இரி" என்றார். "தாயி, உம்புள்ளைய எடுக்கச் சொன்னவன் நான். எம்புள்ளைக்கு நான் இதுவரைக்கும் பேரு வைக்கல. வடிவு அந்தக் கட்டத்தக் காலியா விட்டு வச்சிருக்கா. நீ ஒரு பேரு சொல்லு. நீ சொல்லுத பேருதான் அவனுக்கு."

கற்பகம் அவரைப் பார்த்தாள், பிறகு சொர்ணத்தைப் பார்த்தாள்.

"பொறக்கும்போது மழைன்னு சொன்னீகளாமே அத்த?"

"ஆமா, நல்ல மழை. ஆஸ்பத்திரி ஜன்னல்ல சாரல் அடிச்சு அவன் முகத்துல விழுந்துச்சு, முழிச்சுப் பாத்தான்."

"அப்ப முகிலன்னு வைங்க" என்றாள் கற்பகம்.

வடிவு அந்த நாலு எழுத்தை அடித்துச் சேமித்தாள். அய்யாச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சொர்ணம் அந்தப் பேரை உதட்டுக்குள்ளேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், பிறகு தெருவின் கிழக்குக் கோடியைப் பார்த்துத் திரும்பி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வராத பையனைக் கூப்பிடுகிற குரலில், "ஏ முகிலா" என்று கூப்பிட்டாள்.